சீனாவின் புளோரின் வாயுக்கள்: ஏட்டுக் கணக்கும் காற்றின் கணக்கும்

பூகோள வெப்பமடைதல் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும் வாகனங்கள் கக்கும் கரும்புகையுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால், பெரும்பாலும் நிறமோ மணமோ அற்ற ஒரு வாயுக் கூட்டமும் இந்த வெப்பமடைதலுக்குக் காரணமாக உள்ளது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் வளிச்சீராக்கிகளிலும், உயர் மின்னழுத்த ஆளிகளிலும், கணினிச் சில்லுகளைத் தயாரிக்கும் ஆலைகளிலும், அலுமினிய உலைகளிலும் இவை உள்ளன அல்லது உருவாகின்றன. புளோரின் அடங்கிய பச்சைவீட்டு வாயுக்கள் என இவை அழைக்கப்படுகின்றன.

அளவில் இவை சொற்பமானவை. தீங்கு செய்யும் ஆற்றலிலோ மிகப் பெரியவை. இவற்றை உலகிலேயே அதிகம் உற்பத்தி செய்யும் நாடு சீனா. கடந்த இரு தசாப்தங்களில் சீனக் கைத்தொழில் துறையிலிருந்து இவ்வாயுக்கள் வெளியேறிய வரலாற்றைப் பார்த்தால், அது வெறும் இரசாயன வரலாறாக மட்டும் தோன்றவில்லை. பணம் கிடைத்தபோது வெளியேற்றம் குறைந்ததும், பணம் நின்றபோது கூடியதும், ஏட்டில் குறைந்ததாக எழுதப்பட்ட வாயு காற்றில் பெருகிக் காணப்பட்டதும் அந்த வரலாற்றில் அடங்கும். சர்வதேச உடன்படிக்கைகளை நம்பியிருக்கும் எம்மைப் போன்ற சிறிய நாடுகள் இதனை அறிந்திருப்பது அவசியமாகும்.

வாயுக்களும் அவற்றின் வலிமையும்

இவ்வகை வாயுக்களை நான்கு பிரிவுகளாக நோக்கலாம். முதலாவது, எச்.எப்.சி. எனப்படும் ஐதரோபுளோரோகாபன்கள். குளிரூட்டும் சாதனங்களிற் பயன்படுபவை பெரும்பாலும் இவையே. இரண்டாவது, பி.எப்.சி. எனப்படும் பேர்புளோரோகாபன்கள். அலுமினியம் உருக்கும் போதும், சில்லு உற்பத்தியின் போதும் இவை வெளிப்படுகின்றன. மூன்றாவது, மின்விநியோகக் கட்டமைப்பின் ஆளிகளில் மின்பொறியைத் தடுக்கப் பயன்படும் சல்பர் ஹெக்ஸாபுளோரைட். நான்காவது, மின்னணுக் கைத்தொழிலில் பயன்படும் நைதரசன் டிரைபுளோரைட். முதல் மூன்றும் 1997 இல் உருவான கியோட்டோ உடன்படிக்கையிலேயே இடம்பெற்றன. நான்காவது 2012 இல் டோஹாவில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

ஒரு வாயுவின் வலிமையைக் காபனீரொட்சைட்டுடன் ஒப்பிட்டுக் கணிப்பது வழக்கம். காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையிலான குழு 2007 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நூறாண்டுக் காலத்தில் ஒரு தொன் எச்.எப்.சி.-134ஏ வாயு 1,430 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமன். ஒரு தொன் எச்.எப்.சி.-23 வாயு 14,800 தொன்னுக்கும், ஒரு தொன் சல்பர் ஹெக்ஸாபுளோரைட் 22,800 தொன்னுக்கும் சமன். இவற்றின் ஆயுளும் நீண்டது. எச்.எப்.சி.-23 இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வளிமண்டலத்தில் தங்கியிருக்கும். பேர்புளோரோகாபன்களில் முதன்மையான சி.எப்.-4 வாயுவின் ஆயுளோ ஏறத்தாழ 50,000 ஆண்டுகள். இன்று வெளியேறும் வாயு எமது பேரப்பிள்ளைகளின் காலத்தையும் கடந்து நிலைத்திருக்கும் என்பதே இதன் பொருள்.

ஒரு நோய்க்கு மருந்து, மற்றொரு நோய்க்கு வித்து

இவ்வாயுக்கள் பரவிய கதை, நன்மையை நாடித் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. 1930 களில் குளிர்சாதனத் துறைக்கு வந்த சி.எப்.சி. வாயுக்கள், அதற்கு முன் பயன்பட்ட நச்சு வாயுக்களுக்குப் பாதுகாப்பான மாற்றாக வரவேற்கப்பட்டன. அவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என மரியோ மொலினாவும் ஷேர்வுட் ரோலண்டும் 1974 இல் எச்சரித்தனர். அண்டார்டிக்கா வானில் ஓசோன் படலம் மெலிந்துள்ளமை 1985 இல் வெளியானது. 1987 செப்டெம்பர் 16 ஆம் திகதி மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. சீனா 1991 இல் அதில் இணைந்து, 2010 வரை அவகாசமிருந்தும் 2007 ஜூலையிலேயே, மருத்துவத் தேவைக்கான சிறு விலக்கு நீங்கலாக, சி.எப்.சி. உற்பத்தியை நிறுத்தியது. அதனை நாம் பாராட்டவே வேண்டும்.

சி.எப்.சி. விட்டுச் சென்ற இடத்தை எச்.சி.எப்.சி. வாயுக்களும் அடுத்து எச்.எப்.சி. வாயுக்களும் நிரப்பின. எச்.எப்.சி. ஓசோனைத் தீண்டுவதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குகிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஓசோனைக் காக்கும் முயற்சியிலிருந்து வெப்பமடைதலுக்கான புதிய காரணம் ஒன்று பிறந்தது.

இவற்றுள் எச்.எப்.சி.-23 தனி வகையைச் சேர்ந்தது. இதனை விற்பனைக்காக உற்பத்தி செய்வோர் மிகக் குறைவு. எச்.சி.எப்.சி.-22 எனும் வாயுவைத் தயாரிக்கும் போது வேண்டாத பக்க விளைபொருளாக இது தோன்றுகிறது. எமது குளிர்சாதனப் பழுதுபார்ப்பவர்கள் ஆர்-22 என அழைக்கும் வாயுவே எச்.சி.எப்.சி.-22. இதனை நூறு தொன் தயாரிக்கையில் ஏறத்தாழ மூன்று தொன் எச்.எப்.சி.-23 உண்டாகும். அந்த மூன்று தொன்னைக் காற்றில் விட்டால் 44,000 தொன்னுக்கும் அதிகமான காபனீரொட்சைட்டை வெளியேற்றியதற்கு ஒப்பாகும். உயர் வெப்ப உலையில் எரித்து அழித்துவிடலாம், செலவும் பெரிதன்று. ஆயினும், கட்டாயமோ ஆதாயமோ இல்லாதவிடத்து அச்சிறு செலவைச் செய்ய ஆலை உரிமையாளர் முன்வருவாரா?

ஆர்-22 வாயுவின் பாவனை உலகெங்கும் குறைக்கப்பட்டு வந்தாலும், சமையல் பாத்திரங்களில் ஒட்டாத பூச்சாகப் பயன்படும் டெப்லோன் போன்ற பொருள்களுக்கு அதுவே மூலப்பொருளாகும். மூலப்பொருளாகப் பயன்படுத்துவதற்கு மொன்றியல் உடன்படிக்கையில் தடையில்லை. ஆகவே உற்பத்தி தொடர்கிறது. அதனுடன் கழிவு வாயுவும் தொடர்கிறது.

பெய்ஜிங்கின் கணக்கு

ஐக்கிய நாடுகள் சபைக்குச் சீனா சமர்ப்பித்த கணக்கின்படி, 2005 இல் அந்நாட்டின் புளோரின் வாயு வெளியேற்றம் 165 மில்லியன் தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமனாக இருந்தது. 2014 க்கான கணக்கில் அது 291 மில்லியன் தொன்னாக உயர்ந்தது. அதில் 214 மில்லியன் தொன் எச்.எப்.சி. வகை, 61 மில்லியன் தொன் சல்பர் ஹெக்ஸாபுளோரைட், 16 மில்லியன் தொன் பேர்புளோரோகாபன்கள். நாட்டின் மொத்தப் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் இது இரண்டரை வீதத்துக்கும் குறைவே. இவ்வளவுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. 291 மில்லியன் தொன் என்பது நடுத்தர அளவிலான ஒரு கைத்தொழில் நாட்டின் முழு வெளியேற்றத்துக்கு நிகரானது.

இந்தக் காலப்பகுதியில் சீனாவின் நகரங்கள் வளர்ந்தன; வளிச்சீராக்கி நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுப் பொருளானது; உலகச் சந்தைக்கான குளிரூட்டிகளின் பெரும்பகுதி அங்கேயே தயாரானது. எச்.எப்.சி. பாவனை பெருகியதில் வியப்பில்லை. எனினும் இதே காலத்தின் முற்பகுதியில் எச்.எப்.சி.-23 குறைந்தது. அதற்கான காரணம் காபன் சந்தையில் இருந்தது.

அழிப்பதற்குக் கிடைத்த ஆதாயம்

கியோட்டோ உடன்படிக்கை 2005 பெப்ரவரியில் அமுலுக்கு வந்தபோது, தூய்மை அபிவிருத்திப் பொறிமுறை என்ற ஏற்பாடும் செயற்படத் தொடங்கியது. வறிய நாடொன்றில் வெளியேற்றத்தைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் வழங்கி, அதற்கான சான்றுகளைச் செல்வந்த நாடு தனது கடப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாராம்சம். ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமனான குறைப்புக்கு ஒரு சான்று.

எச்.எப்.சி.-23 இன் வலிமை பல்லாயிரம் மடங்கு என்பதால், ஒரு தொன்னை எரித்த ஆலைக்குப் பல்லாயிரம் சான்றுகள் கிடைத்தன. உலகெங்கும் பதிவான இத்தகைய 19 திட்டங்களில் 11 சீனாவில் இருந்தன. 2006 ஆகஸ்டில், உலக வங்கியின் ஏற்பாட்டில் ஜியாங்சு மாகாணத்தின் இரண்டு நிறுவனங்களுடன் ஏறத்தாழ நூறு கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்த வருமானத்தில் 65 வீதத்தைச் சீன அரசு வரியாகப் பெற்றது.

அமெரிக்க ஆய்வாளர் மைக்கல் வாரா 2007 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை பலரது கண்களைத் திறந்தது. இவ்வாயுவை அழிக்க உண்மையில் 100 மில்லியன் யூரோவுக்கும் குறைவாகவே செலவாகும். சான்றுகளின் சந்தைப் பெறுமதியோ ஏறத்தாழ 4,700 மில்லியன் யூரோ என அவர் காட்டினார். ஆலைகள் ஆர்-22 வாயுவை விற்றுப் பெறும் வருமானத்தைவிட, கழிவை அழித்துப் பெறும் வருமானம் ஏறத்தாழ இரு மடங்காகும் நிலை உருவானது. கழிவே ஆதாயமானால் கழிவைக் கூட்ட நினைப்பது வணிகத்தின் இயல்பு. சான்றுக்காகத் தேவைக்கு மேல் கழிவு உருவாக்கப்படுகிறது என்ற முறைப்பாடு 2010 இல் எழுந்தது. அடுத்த ஆண்டு விதிகள் இறுக்கப்பட்டன. 2013 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இச்சான்றுகளைத் தனது சந்தையில் ஏற்பதை நிறுத்தியது.

இதில் பழியைச் சீனாவின் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. விதியை வகுத்தவர்களும், மலிவான சான்றுகளை வாங்கித் தமது நாட்டில் செய்ய வேண்டிய குறைப்பைத் தவிர்த்தவர்களும் செல்வந்த நாட்டினரே. அதேவேளை, அத்திட்டத்தால் பயனே விளையவில்லை என்றும் கூற முடியாது. 2006 இல் உச்சத்தை எட்டிய உலக எச்.எப்.சி.-23 வெளியேற்றம், 2009 இல் கணிசமாகக் குறைந்தமை வளிமண்டல அளவீடுகளில் உறுதியானது. ஆனால், அந்தக் குறைவு பணத்தோடு வந்தது, சட்டத்தோடு வரவில்லை. சான்று பெறத் தகுதியற்ற புதிய ஆலைகள் தொடர்ந்து வாயுவை வெளியேற்றின. வெளியேற்றம் மீண்டும் ஏறத் தொடங்கியது.

கொசானின் சாட்சியம்

தென்கொரியாவின் ஜேஜு தீவில் கொசான் என்னுமிடத்தில் ஒரு வளிமண்டல அவதான நிலையம் உள்ளது. கிழக்குச் சீனாவிலிருந்து வீசும் காற்று கடலைக் கடந்து அங்கு வந்து சேரும். அந்நிலையம் காற்றின் மாதிரியை இடைவிடாது எடுத்து, ஒவ்வொரு வாயுவின் செறிவையும் அளக்கிறது. காற்று எந்தத் திசையிலிருந்து, எந்த வழியாக வந்தது என்பதை வானிலைத் தரவுகளைக் கொண்டு பின்னோக்கிக் கணித்து, எந்தப் பிரதேசத்தில் எவ்வளவு வெளியேறியிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். ஆலை தரும் அறிக்கையும் அதிகாரி வைக்கும் கையொப்பமும் இதற்குத் தேவையில்லை.

இந்த முறையின் பயன் முதலில் தெளிவானது சி.எப்.சி.-11 விவகாரத்திலாகும். உற்பத்தி முற்றாக நின்றதாகக் கருதப்பட்ட அவ்வாயு, சில ஆண்டுகளாக மீண்டும் பெருகி வருவதாக 2018 மே மாதம் ஓர் ஆய்வு அறிவித்தது. கிழக்குச் சீனாவின், குறிப்பாக ஷான்டொங், ஹெபெய் மாகாணங்களின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 தொன் கூடியுள்ளதாக 2019 இல் மற்றோர் ஆய்வு காட்டியது. கொசான் நிலையமும் ஜப்பானின் ஹதெருமா நிலையமும் இதற்குச் சாட்சியாயின. வெப்பக் காப்புக்கான நுரைப் பொருள் தயாரிக்கச் சட்டவிரோதமாக அவ்வாயு பயன்படுத்தப்பட்டமை தெரியவந்தது. சீன அதிகாரிகள் சோதனைகளை மேற்கொண்டனர். 2019 இல் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டதை 2021 இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கண்டுபிடிக்கப்பட்டதும் திருத்தம் நிகழ்ந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

எச்.எப்.சி.-23 விடயத்தில் நிலைமை அத்தனை நேரானதாக அமையவில்லை. காபன் சந்தை மூடப்பட்ட பின்னர், 2014 முதல் 2019 வரை வாயுவை அழிக்கும் ஆலைகளுக்குச் சீன அரசு மானியம் வழங்கியது. இந்தியாவும் 2016 இல் தனது ஆலைகளுக்கு அழிப்பைக் கட்டாயமாக்கியது. இரு நாடுகளின் அறிக்கைகளின்படி 2014 க்கும் 2017 க்கும் இடையில் உலக வெளியேற்றம் 87 வீதம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 2020 ஜனவரியில் வெளியான ஆய்வு வேறொன்றைக் கூறியது. 2018 இல் உலக வெளியேற்றம் 15,900 தொன். அதுவரை பதிவான அளவுகளில் அதுவே உச்சம். காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 235 மில்லியன் தொன்னுக்குச் சமன். அறிவிக்கப்பட்ட அழிப்பு முழுமையாக நிகழவில்லை, அல்லது அறிவிக்கப்படாத உற்பத்தி நடைபெறுகிறது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. கிழக்குச் சீனாவின் வெளியேற்றம் 2008 இல் 5,000 தொன்னாக இருந்து, 2019 இல் 9,500 தொன்னாக உயர்ந்ததைப் பின்னர் வெளியான கொசான் தரவுகள் காட்டின.

ஆலை தானே கணக்கெழுதி, தானே ஒப்பமிட்டு, தானே உறுதிப்படுத்துமாயின் அது வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாகவே முடியும். அழிப்பது தொழில்நுட்ப ரீதியில் கடினமானது என்ற வாதமும் நிலைக்காது. நெதர்லாந்தின் ஆலையொன்றில் அருகிலிருந்து காற்றை அளந்து மேற்கொள்ளப்பட்டு, 2024 இல் வெளியான ஆய்வு, உலையை ஒழுங்காக இயக்கினால் மிகச் சொற்ப வாயுவே தப்பிச் செல்கிறது என நிரூபித்துள்ளது. குறைபாடு உலையில் இல்லை. அதனை இடைவிடாது இயக்குவதிலும் கண்காணிப்பதிலுமே உள்ளது.

பேசப்படாத இரு வாயுக்கள்

ஏனைய வாயுக்களின் நிலையும் கவலைக்குரியதே. சீனாவின் சல்பர் ஹெக்ஸாபுளோரைட் வெளியேற்றம் 2011 இல் 2,600 தொன்னாக இருந்து, 2021 இல் 5,100 தொன்னாக இரட்டித்ததாக 2024 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இதற்குப் பிரதான காரணம் மின்கட்டமைப்பின் விரிவாக்கமாகும். காற்றாலை மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் தொலைதூர நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் அதே கட்டமைப்பிலிருந்தும் இவ்வாயு கசிகிறது. தூய்மையான சக்திக்கும் ஒரு மறைவிலை உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

பேர்புளோரோகாபன்களில் முதன்மையான இரண்டும் 2011 முதல் 2021 வரையான பத்தாண்டில் சுமார் 78 வீதம் பெருகியுள்ளன. உலக அலுமினியத்தில் அரைவாசிக்கும் அதிகமானதை உருக்கும் நாட்டில் இது எதிர்பாராததன்று. ஆனால், 2014 க்கான அரசின் கணக்கிற் காணப்படும் 16 மில்லியன் தொன்னைவிட, 2011 இலேயே காற்றில் அளவிடப்பட்ட தொகை இரு மடங்குக்கும் அதிகம் என்பது கேள்விக்குரியதாகும்.

கிகாலிக்குப் பின்னர்

2016 ஒக்டோபரில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில், எச்.எப்.சி. வாயுக்களும் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் கொண்டுவரப்பட்டன. இந்தத் திருத்தத்தைச் சீனா 2021 ஜூனில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 15 முதல், எச்.எப்.சி.-23 வாயுவை நேரடியாகக் காற்றில் விடுவது அங்கு தடைசெய்யப்பட்டுள்ளது. 2024 முதல் எச்.எப்.சி. உற்பத்திக்கும் பாவனைக்கும் பங்கீட்டு முறை நடைமுறையில் உள்ளது. உற்பத்தியின் உச்ச வரம்பு ஏறத்தாழ 1,850 மில்லியன் தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமனானது. உள்நாட்டுப் பாவனைக்கான வரம்பு சுமார் 905 மில்லியன் தொன். எஞ்சிய அரைவாசி பிற நாடுகளுக்கானது. இவ்வளவும் உடனே காற்றில் கலப்பதில்லை. சாதனங்களுக்குள் அடைபட்டு ஆண்டுக்கணக்கிற் கசிவது. இந்த வரம்பிலிருந்து 2029 இல் 10 வீதமும், 2035 இல் 30 வீதமும், 2040 இல் 50 வீதமும், 2045 இல் 80 வீதமும் குறைக்கப்பட வேண்டும்.

2025 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங், நாட்டின் பச்சைவீட்டு வாயுக்கள் அனைத்தினதும் தேறிய வெளியேற்றத்தை 2035 அளவில் உச்ச நிலையிலிருந்து 7 முதல் 10 வீதம் வரை குறைப்பதாக அறிவித்தார். முன்னைய இலக்குகள் காபனீரொட்சைட்டையே மையமாகக் கொண்டிருந்தன. புளோரின் வாயுக்களும் இப்போது கணக்கில் வந்துள்ளமை வரவேற்கத்தக்கது. எனினும், கொசானின் அளவுகருவி அதனை ஆமோதிக்கும் வரை எந்த வாக்குறுதியையும் நிறைவேறியதாகக் கொள்ள முடியாது.

எமக்குள்ள பங்கு

இலங்கை இவ்வாயுக்களை உற்பத்தி செய்வதில்லை, இறக்குமதி செய்கிறது. 2018 செப்டெம்பரில் கிகாலித் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட நாம், குறைப்புக் கால அட்டவணையில் சீனாவின் பிரிவிலேயே அடங்குகிறோம். சீனாவில் தயாரான வாயு கொழும்பிலோ காத்தான்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு வளிச்சீராக்கியிலிருந்து கசியுமாயின், சர்வதேச விதியின்படி அது எமது கணக்கிலேயே பதிவாகும். ஆர்-410ஏ வாயுவில் ஒரு கிலோகிராம் தப்பிச் சென்றால், இரண்டு தொன் காபனீரொட்சைட்டு வெளியேறியதற்குச் சமன். பழுதுபார்க்கும்போது வாயுவைத் திறந்துவிடாது சிலிண்டரில் மீளச் சேகரிக்கும் பயிற்சியும் கருவிகளும் தொழில்நுட்பவியலாளர்களுக்குக் கிடைப்பதை உரிய அதிகாரிகள் உறுதிசெய்ய வேண்டும். வாங்குவோரும் விலையை மட்டுமன்றி, உள்ளே அடைக்கப்பட்டிருக்கும் வாயு எதுவென்றும் கேட்டறிதல் நன்று.

சீனாவின் அனுபவம் எமக்குக் கூறுவது இதுதான். பணத்தை மட்டும் நம்பிய குறைப்பு, பணத்தோடு போய்விடும். சட்டத்தை மட்டும் நம்பிய குறைப்பு ஏட்டோடு நின்றுவிடும். சட்டமும், அதனைப் பரிசோதிக்கும் சுயாதீனமான அளவீடும் சேர்ந்த இடத்திலேயே, சி.எப்.சி.-11 விவகாரத்தில் கண்டதுபோல, காற்று உண்மையில் தூய்மையடைந்தது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் கொசானைப் போன்ற நிலையங்கள் மிகச் சிலவே. அவற்றை அதிகரிக்குமாறு சர்வதேச அரங்கில் வலியுறுத்துவது இலங்கை போன்ற நாடுகளின் கடமையாகும். கடல்மட்டம் உயர்ந்தாலும் மழை பொய்த்தாலும் முதலில் பாதிக்கப்படுவோர் இத்தகைய நாடுகளின் மீனவரும் விவசாயிகளுமே. அவர்களுக்கு ஏட்டில் குறைந்த வாயுவால் எந்தப் பயனும் இல்லை.